எச்டிடிபிஎஸ்ஸில்தான் வந்தாயா என்று யாரைக் கேட்பது?

கேள்வி: வணக்கம் அக்கா. சின்னக் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்காக ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் ஒரு ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் வந்து பேசும் வாசல்) எழுதியிருக்கிறோம். பிரவுசரில் இருந்தும் ரிக்வெஸ்ட் வரும், ரத்தக் குழாய்களின் பார்கோடைப் படிக்கும் கையடக்க ஸ்கேனர்களில் இருந்தும் வரும். ‘பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடு’ என்று, வரும் ரிக்வெஸ்ட்டை முதலில் பார்க்கும் ஒரு ஃபில்டர் எழுதினேன். லேப்டாப்பில் நன்றாக ஓடியது. கிளவுடில் ஏற்றியதும் பிரவுசர் ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’ என்றது. அங்கே முன்னால் ரிக்வெஸ்ட்களைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர், அடுத்து என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர், அதற்குப் பின்னால் 8080 போர்ட்டில் எங்கள் ஆப். சீனியர் ஒருவர் செக்கை இப்படி மாற்றச் சொன்னார்: ‘இஸ்செக்யூர்’ என்ற ஜாவா அழைப்பு ஆம் என்றாலோ, சர்வர் போர்ட் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 என்றாலோ, யூஆர்எல் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினாலோ, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரில் (ரிக்வெஸ்ட்டோடு வரும் ஒரு குறிப்பு வரி) ‘எச்டிடிபிஎஸ்’ என்று இருந்தாலோ, பாதுகாப்பான இணைப்பு என்று எடுத்துக்கொள். இப்போது பிரவுசரில் ஓடுகிறது. ஆனால் பழைய ஸ்கேனர்கள் சிலவற்றின் பதிவுகள் காணாமல் போகின்றன. கோட் ரிவ்யூவில் ‘இந்த நாலில் எது சரி?’ என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. என்ஜின்எக்ஸ் கோப்பை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: வணக்கம் தம்பி. ரிவ்யூவில் கேட்டவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நாலில் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நீங்கள் இன்னும் செய்யாத ஒரு வேலையைச் செய்த பிறகுதான் உண்மை பேசும். மற்ற மூன்றையும் அழித்துவிடலாம். காணாமல் போகும் பதிவுகள் வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ரீடைரக்ட் சுழலை ஒரு முறை நடந்து பார்ப்போம். பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்து லோட் பேலன்சரின் 443-ஐத் தட்டுகிறது. டிஎல்எஸ் என்ற என்க்ரிப்ஷன் பூட்டு அங்கேயே திறக்கப்படுகிறது, ஏனென்றால் சான்றிதழ் இருப்பது அங்கேதான். அதற்குப் பின் லோட் பேலன்சர் சாதா எச்டிடிபியில் என்ஜின்எக்ஸுக்குக் கொடுக்கிறது. அதுவும் சாதா எச்டிடிபியில் 8080-க்குக் கொடுக்கிறது. உங்கள் ஆப்பின் கதவைத் தட்டுவது என்ஜின்எக்ஸ்தான், பிரவுசர் இல்லை. ‘இஸ்செக்யூர்’ என்று கேட்டால், உங்கள் ஆப்பை ஓட்டும் டாம்கேட் சர்வர் தன் கதவைத் தட்டியவரை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்கிறது. அது பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறது. உடனே உங்கள் ஃபில்டர் ‘எச்டிடிபிஎஸ்ஸில் வா’ என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் ஏற்கெனவே அதில்தான் வந்தது. திரும்பவும் அதிலேயே வருகிறது, திரும்பவும் அதே பதில். இருபது தடவை அலைந்த பிறகு குரோம் கை விரித்துவிடும்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கூரியரை வாங்கி, பிரித்து, உள்ளே இருந்த தாளை மட்டும் உங்கள் வீட்டில் கொடுத்தால், கவர் ஒட்டி வந்ததா என்று தாளைப் பார்த்து எப்படிச் சொல்வீர்கள்? வாட்ச்மேனைத்தான் கேட்க வேண்டும். கேட்கலாம்தான், ஆனால் பேசுவது நம் வாட்ச்மேன்தானா என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சீனியர் எழுதிய நாலு ‘அல்லது’வில் இந்தக் கடைசி விஷயம் மட்டும் இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சர்வர் போர்ட் 443 என்ற செக்கைப் பார்த்தால் இரும்புக் கதவு மாதிரி இருக்கும். ஆனால் ஜாவா சர்வ்லெட்டில் போர்ட் எண்ணைக் கேட்கும் ‘கெட்சர்வர்போர்ட்’ தருவது இணைப்பு உண்மையில் வந்து இறங்கிய போர்ட்டை இல்லை. எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரில் கோலனுக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறதோ அதைத்தான் முதலில் எடுக்கும். ஹோஸ்ட் ஹெடரை எழுதுவது யார்? வருகிறவர். நீங்கள் அனுப்பிய என்ஜின்எக்ஸ் கோப்பில் ஹோஸ்ட்டுக்கு $எச்டிடிபி_ஹோஸ்ட் என்று போட்டிருக்கிறீர்கள், அதாவது வந்ததை அப்படியே உள்ளே தள்ளு என்று. டெஸ்ட் சர்வரில் என்ஜின்எக்ஸின் 80 போர்ட்டுக்கு (சாதா எச்டிடிபிக்கான போர்ட்) நேராக ஒரு கர்ல் அடித்துப் பாருங்கள், அதாவது அந்தக் கட்டளையால் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். முகவரி சாதா எச்டிடிபி. ஹோஸ்ட் ஹெடரில் மட்டும் டொமைன் பெயருக்குப் பின்னால் ‘:443’ என்று ஒட்டுங்கள். உங்கள் ஃபில்டர் சல்யூட் அடித்து உள்ளே விடும்.

யூஆர்எல் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குகிறதா என்ற செக் ஒன்றும் கெடுக்காது, ஒன்றும் தராது. பிரவுசரின் அட்ரஸ் பாரில் இருந்த யூஆர்எல் சர்வருக்கு முழுதாக வருவதே இல்லை. வருவது பாதையும் ஹோஸ்ட் பெயரும்தான். ‘கெட்ரிக்வெஸ்ட்யூஆர்எல்’ தருவது டாம்கேட் தன் கணக்குப்படி முன்னால் ‘எச்டிடிபி’ ஒட்டித் தைத்த யூஆர்எல். முதல் செக் பார்த்த அதே தகவலை வேறு சட்டை போட்டுப் பார்க்கிறீர்கள்.

நாலாவது, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ. உங்கள் பிரவுசர் இப்போது ஓடுவது இதனால் மட்டும்தான். ரிக்வெஸ்ட் தன்னிடம் எச்டிடிபியில் வந்ததா எச்டிடிபிஎஸ்ஸில் வந்ததா என்று லோட் பேலன்சர் இதில் எழுதுகிறது. உங்கள் என்ஜின்எக்ஸ் கோப்பில் இந்த ஹெடரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் அது தொடாமல் உள்ளே அனுப்பிவிடுகிறது. கேட்க வேண்டிய ஆள் இவர்தான், ஆனால் கேட்ட இடம் தப்பு. உங்கள் 8080 போர்ட் வெளியில் இருந்து எட்டும்படி இருந்தால் யார் வேண்டுமானாலும் அதே ஹெடரை எழுதிக்கொண்டு நேராக வரலாம். எத்தனையோ கிளவுட் அக்கவுன்ட்களில் ‘டெஸ்ட்டுக்காக’ என்று 8080-ஐத் திறந்து வைத்துவிட்டு மறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதையும் ஒரு முறை வெளி நெட்டில் இருந்து தட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். ‘சாதா எச்டிடிபியில் வருகிறவன் நான் எச்டிடிபிஎஸ் என்று பொய் சொன்னால் நஷ்டம் அவனுக்குத்தானே? அவனுடைய டேட்டாதானே வெளியில் போகிறது?’ பாதி சரி. தன் இணைப்பைப் பற்றிப் பொய் சொல்கிறவன் பெரும்பாலும் தன் காலில்தான் சுட்டுக்கொள்கிறான். ஆனால் ஃபார்வர்டட் ஹெடர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆப், ப்ரோட்டோவோடு நிற்காது. பக்கத்திலேயே, வந்தவருடைய ஐபி முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் இருக்கிறது. அதில் இருந்து ஐபியை எடுத்து ‘இந்தப் பரிசோதனைக் கூடத்தின் ஐபிக்கு மட்டும் அனுமதி’ என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள். ஒரே பொய் அங்கேயும் செல்லும். எதிர்ப்பக்கப் பொய்யும் உண்டு. எச்டிடிபிஎஸ்ஸில் ஒழுங்காக வந்து, ஹெடரில் ‘எச்டிடிபி’ என்று எழுதி அனுப்புவது. உங்கள் ஃபில்டர் ரீடைரக்ட் கொடுக்கும். முன்னால், பதில்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் ஒரு சிடிஎன் இருந்து, அந்த ஹெடரை அது உள்ளே விட்டு, வந்த ரீடைரக்ட்டைக் கேஷிலும் போட்டுவிட்டால், அடுத்து வரும் எல்லோருக்கும் அந்தச் சுழல்தான். ஒரே ஒரு ரிக்வெஸ்ட்டில் உங்கள் முகப்புப் பக்கம் படுத்துவிடும்.

சரி, என்ன செய்வது? உங்கள் ஃபில்டரில் இந்த ஹெடரைப் படிக்கும் வரியை எடுத்துவிட்டு, அந்த வேலையை டாம்கேட்டிடம் கொடுங்கள். ஸ்பிரிங் பூட்டின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் சர்வர்.ஃபார்வர்ட்-ஹெடர்ஸ்-ஸ்ட்ராட்டஜி என்ற வரிக்கு ‘நேட்டிவ்’ என்று போட்டால், டாம்கேட்டின் ரிமோட்ஐபிவால்வ் இயங்கத் தொடங்கும். அது முதலில் பார்ப்பது, தட்டியவருடைய ஐபி தன் ‘இன்டர்னல் ப்ராக்ஸிஸ்’ பட்டியலில், அதாவது நம் வாட்ச்மேன்களின் பட்டியலில், இருக்கிறதா என்று. இருந்தால் மட்டும் ஹெடரைப் படித்து, ரிக்வெஸ்ட்டின் ஸ்கீம் (எச்டிடிபியா, எச்டிடிபிஎஸ்ஸா), செக்யூர் கொடி இரண்டையும் அதற்கேற்ப மாற்றும். பட்டியலில் இல்லாதவர் என்ன எழுதி வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அதன் பிறகு உங்கள் கோடில் ‘இஸ்செக்யூர்’ ஒன்றே போதும். அந்தப் பட்டியலில் இயல்பாகவே 10, 192.168 என்று தொடங்கும் உள் நெட்வொர்க் முகவரிகள் எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கும் எந்த மெஷினும் வாட்ச்மேன் வேஷம் போடலாம் என்று அர்த்தம். உங்கள் கோப்பின்படி என்ஜின்எக்ஸும் ஆப்பும் ஒரே மெஷினில்தான் இருக்கின்றன. அதனால் பட்டியலை, அந்த மெஷினையே குறிக்கும் 127.0.0.1 என்று சுருக்குங்கள், சர்வர்.அட்ரஸையும் 127.0.0.1 என்று கட்டிவிடுங்கள். 8080 வெளியில் தெரியவே தெரியாது. என்ஜின்எக்ஸின் 80-ஐ லோட் பேலன்சரின் செக்யூரிட்டி குரூப்புக்கு (கிளவுடின் ஃபயர்வால் குழு) மட்டும் திறந்து வையுங்கள்.

‘என் ஃபில்டரில் ஓடுகிறதே, ஏன் இடம் மாற்ற வேண்டும்?’ என்று சீனியர் கேட்பார். அவரிடம் குக்கியைக் காட்டுங்கள். லாகினை நினைவில் வைக்கும் செஷன் குக்கியை டாம்கேட் போடும்போது, ரிக்வெஸ்ட் செக்யூர் என்று அதற்குத் தெரிந்தால்தான், எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு என்று பிரவுசருக்குச் சொல்லும் ‘செக்யூர்’ என்ற சொல்லை ஒட்டும். உங்கள் ஃபில்டருக்குத் தெரிந்த விஷயம் டாம்கேட்டுக்குத் தெரியாது. அதனால் இன்று உங்கள் செஷன் குக்கியான ஜேசெஷன்ஐடி அந்தச் சொல் இல்லாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பாருங்கள். 2010-இல் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வெளிவந்தபோது, காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைய முடிந்தது இப்படிப்பட்ட குக்கிகளால்தான். லாகின் பக்கம் மட்டும் எச்டிடிபிஎஸ், மற்றதெல்லாம் எச்டிடிபி என்று தளங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

ஸ்பிரிங் செக்யூரிட்டி வைத்திருந்தால் இன்னொன்றும் இதே மாதிரி சத்தமில்லாமல் விட்டுப் போயிருக்கும். இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் பேசு என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெடரை அது இயல்பாக ‘இஸ்செக்யூர்’ உண்மையாக இருக்கும் ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும்தான் எழுதும். உங்கள் ஆப்பில் அது ஒரு தடவைகூடப் போயிருக்காது. ஆப் கட்டித் தரும் முழு லிங்க்குகளும் எச்டிடிபி என்றே தொடங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேட்ச் போடுவதைவிட டாம்கேட்டுக்கு ஒரு முறை உண்மையைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் டாம்கேட் பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் ரிமோட்ஐபிஃபில்டர் வழியாகப் போனால், ஹெடரில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று வந்தும் செஷன் குக்கியில் ‘செக்யூர்’ ஒட்டாத ஒரு பிழை இருந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-28708 என்று பதிவானது. 9-ஆம் வரிசையில் 9.0.72-இலும் 10.1 வரிசையில் 10.1.6-இலும் சரிசெய்தார்கள். அதற்கு முந்தையது என்றால் இந்த வாரமே ஏற்றிவிடுங்கள்.

என்ஜின்எக்ஸில் கை வைக்கும்போது ஒரு வரியிடம் எச்சரிக்கையாக இருங்கள். எந்த டுடோரியலைத் திறந்தாலும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவுக்கு $ஸ்கீம் என்று எழுதச் சொல்வார்கள். டிஎல்எஸ் பூட்டை என்ஜின்எக்ஸே திறக்கும் இடத்தில் அது மிகச் சரி. உங்களிடம் திறப்பது லோட் பேலன்சர். என்ஜின்எக்ஸுக்கு வருவது சாதா எச்டிடிபி, அதனால் அங்கே $ஸ்கீம் எப்போதும் ‘எச்டிடிபி’தான். அந்த வரியைச் சேர்த்த நிமிடத்தில் லோட் பேலன்சர் எழுதியது அழிந்து, பழைய சுழல் திரும்பி வரும். நீங்களோ டாம்கேட்டில்தான் ஏதோ போச்சு என்று இரண்டு நாள் தேடுவீர்கள். பூட்டைத் திறந்தவர் எழுதட்டும், பின்னால் இருப்பவர்கள் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். உண்மையில் உங்களுக்கு அந்த என்ஜின்எக்ஸ் தேவையா என்றே எனக்குச் சந்தேகம். கோப்பில் அது செய்யும் வேலை எல்லாம் லோட் பேலன்சரே செய்துவிடும். ஒரு ஆள் குறைந்தால் ஒரு பொய் குறையும்.

மற்ற புரோகிராமிங் மொழிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நாலு வரி. பைத்தானின் ஜாங்கோவில் செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர், ஜாவாஸ்கிரிப்ட்டின் எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் ப்ராக்ஸி’, எல்லாம் இதே சமாச்சாரம்தான். எக்ஸ்பிரஸில் அதற்கு ‘ட்ரூ’ என்று மட்டும் போடாமல் ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுங்கள். பிஎச்பியில் $_சர்வர் அரேயின் ‘எச்டிடிபிஎஸ்’ காலியாக இல்லை என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வர் ஓடும் பழைய அமைப்புகளில் சாதா எச்டிடிபிக்கும் அதில் ‘ஆஃப்’ என்ற சொல் இருக்கும், அதுவும் காலி இல்லைதானே. ‘ஃபார்வர்டட்’ என்ற பெயரில் 2014-இல் ஒரு முறையான தரமும் வந்தது, ஆர்எஃப்சி 7239. ஆனாலும் ஊரெல்லாம் புழங்குவது அந்த ‘எக்ஸ்’ வைத்த பழைய ஹெடர்கள்தான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கையாள்வது நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள். லோட் பேலன்சருக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவே அவை பூட்டில்லாமல் ஓடுகின்றன. ‘உள் நெட்வொர்க்தானே’ என்று எல்லோரும் சொல்வோம். 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு படத்தை வெளியிட்டது. அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவின் ஸ்லைடு அது. ஒரு பக்கம் பொது இணையம், இன்னொரு பக்கம் கூகுள் கிளவுட், நடுவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு அம்புக்குறி போட்டு, எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) சேர்வதும் கழல்வதும் இங்கேதான் என்று கையால் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வரைந்திருந்தார்கள். கூகுளின் டேட்டா சென்டர்களுக்கு நடுவே போகும் லைன்களை ஒட்டுக்கேட்பது பற்றிய ஸ்லைடு. அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே, அதே வருடத்தில், கூகுள் தன் உள் லைன்களையும் என்க்ரிப்ட் செய்யும் வேலையை முடுக்கிவிட்டிருந்தது. உங்கள் கம்பெனிக்கு என்எஸ்ஏ வராது, தம்பி. ஆனால் உள்ளே ஒரு மெஷின் கெட்டுப்போனால் அதில் இருந்து ரிப்போர்ட்களைப் படிக்க முடியுமா என்று மேலே இருப்பவர்களிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். முடியும் என்றால் லோட் பேலன்சரில் இருந்து உள்ளே போகும் லைனுக்கும் டிஎல்எஸ் போடச் சொல்லுங்கள்.

அப்படிப் போட்டு, டாம்கேட்டின் கதவுக்கே டிஎல்எஸ் வந்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். ‘இஸ்செக்யூர்’ எப்போதும் ‘ஆம்’ என்று சொல்லும். ஒருவர் லோட் பேலன்சரின் 80 போர்ட்டில் பூட்டே இல்லாமல் வந்தாலும் ‘ஆம்’தான், ஏனென்றால் கடைசித் துண்டு பூட்டோடு வருகிறது. முன்பு ‘இல்லை இல்லை’ என்று படுத்தியது, இப்போது ‘ஆமாம் ஆமாம்’ என்று ஏமாற்றும். சுழல் வராது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. அப்போதும் ரிமோட்ஐபிவால்வ்தான் காப்பாற்றும்: ஹெடரில் ‘எச்டிடிபி’ என்று வந்தால் அது செக்யூர் கொடியை இறக்கிவிடும்.

எல்லாம் ஒழுங்காக அமைத்த பிறகும் உங்கள் சர்வரால் கண்டுபிடிக்க முடியாதது ஒன்று உண்டு. நடுவில் ஒருவன் உட்கார்ந்து, பயனரிடம் எச்டிடிபியிலும் உங்களிடம் எச்டிடிபிஎஸ்ஸிலும் பேசினால் உங்களுக்குத் தெரிவது அவனுடைய சுத்தமான டிஎல்எஸ் இணைப்புதான். 2009-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டிய எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவி இதைத்தான் செய்தது. சர்வர் பக்கம் எத்தனை செக் போட்டாலும் இது பிடிபடாது. பிரவுசர்தான் எச்டிடிபியில் பேச மறுக்க வேண்டும். அதற்காகத்தான் 2012-இல் எச்எஸ்டிஎஸ் தரமாக வந்தது. உங்கள் ஆப்பில் போகாமல் இருக்கிறது என்றேனே, அதே ஹெடர்.

சரி, ஸ்கேனர்கள். அவற்றில் பழைய எச்டிடிபி முகவரியே பதிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கேனர் ஒரு பார்கோடை ‘போஸ்ட்’ செய்கிறது, அதாவது பதியக் கொடுக்கிறது. உங்கள் ஃபில்டர் ‘சென்ட்ரீடைரக்ட்’ மூலம், வேறு முகவரிக்குப் போ என்ற 302 பதிலைக் கொடுக்கிறது. 301, 302 இரண்டுக்கும் பெரும்பாலான கிளையன்ட்கள் ‘போஸ்ட்’டை, படிக்க மட்டும் கேட்கும் ‘கெட்’டாக மாற்றி, கொண்டுவந்த டேட்டாவைக் கீழே போட்டுவிட்டுத்தான் புது முகவரிக்குப் போகும். அங்கே உங்கள் ஏபிஐ அதே முகவரியில் ‘கெட்’ வந்தால் மாதிரிகளின் பட்டியலைக் கொடுக்கும், 200 என்ற நல்ல பதிலோடு. ஸ்கேனர் 200-ஐப் பார்த்துவிட்டு ‘பதிவாகிவிட்டது’ என்று பீப் அடிக்கும். ரத்தம் எடுத்தவர் அடுத்த குழாயை எடுத்திருப்பார். ஆக்சஸ் லாகில் அந்த ஸ்கேனரின் ஐபியைத் தேடுங்கள்; ஒரு ‘போஸ்ட்’ 302, அடுத்த வரியிலேயே ஒரு ‘கெட்’ 200 என்று ஜோடி ஜோடியாக இருந்தால் இதுதான்.

307 அல்லது 308 கொடுத்தால் ‘போஸ்ட்’ ‘போஸ்ட்’டாகவே போகும். அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏபிஐக்கு ரீடைரக்ட்டே கூடாது என்பது என் கட்சி. ஸ்கேனர் தன் ரகசிய அடையாளமான ஏபிஐ கீயை ஹெடரில் வைத்து எச்டிடிபியில் அனுப்பிய பிறகுதான் நீங்கள் ‘அந்தப் பக்கம் போ’ என்கிறீர்கள். கீ ஏற்கெனவே வழியெல்லாம் தெரிந்துவிட்டது. ரீடைரக்ட் செய்வதால் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் ஓடும். பக்கங்களைப் பார்க்கும் மனிதர்களுக்கு ரீடைரக்ட் கொடுங்கள், மெஷின்களுக்கு ‘அனுமதி இல்லை’ என்ற 403 கொடுங்கள். பாடியில் ‘எச்டிடிபிஎஸ் மட்டும்’ என்று புரியும்படி எழுதுங்கள். எச்டிடிபியில் வந்து சேர்ந்த கீ எதுவோ, அதை வெளியில் தெரிந்துவிட்ட கீயாகவே நினைத்து மாற்றிக் கொடுங்கள். இன்னும் நல்லது, ஏபிஐக்குத் தனி டொமைன் வைத்து அதில் 80 போர்ட்டையே திறக்காமல் விடுவது. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கீயை அனுப்பவும் வழியில்லை. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் தன்னுடைய ஏபிஐக்கு இதைத்தான் செய்வதாக 2025 மார்ச்சில் அறிவித்தது.

ஆனால் நாளைக்கே அடைத்துவிடாதீர்கள், பரிசோதனைக் கூடங்களில் வேலை நின்றுவிடும். முதலில் ரீடைரக்ட்டை எடுத்துவிட்டு எச்டிடிபி ரிக்வெஸ்ட்களைச் சில வாரம் உள்ளே விடுங்கள். ஒவ்வொன்றையும் எந்தக் கீயில் வந்தது என்று லாக் செய்யுங்கள். கீயை முழுதாக லாகில் எழுத வேண்டாம், கடைசி நாலு எழுத்து போதும். அந்தப் பட்டியலை வைத்துக் கூடங்களைக் கூப்பிட்டு, ஸ்கேனரில் முகவரியை மாற்றச் சொல்லி, ஒரு தேதி குறித்து அடையுங்கள். பழைய மென்பொருளில் ஓடும் ஸ்கேனர்கள் சில அடம்பிடிக்கும். ஒன்று, டிஎல்எஸ் 1.2 தெரியாது. அல்லது, தளங்களின் சான்றிதழைச் சரிபார்க்க உள்ளே வைத்திருக்கும் ரூட் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும்; 2021 செப்டம்பர் 30-இல், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் காலாவதியானபோது எத்தனையோ பழைய கருவிகள் அப்படித்தான் நின்றன. அப்போது ஸ்கேனர் விற்றவர் ‘சர்டிஃபிகேட் செக்கை ஆஃப் பண்ணிவிட்டேன், இப்போது வேலை செய்கிறது’ என்பார். வேலை செய்யும். உங்கள் சர்வரிலும் ‘இஸ்செக்யூர்’ ஆம் என்றே சொல்லும். நடுவில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஸ்கேனர் கீயைக் கொடுத்துவிடும், உங்கள் பக்கம் ஒரு தடயமும் இருக்காது. அவரிடம் ரூட் சான்றிதழை ஏற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்தக் கருவியைக் கணக்கில் இருந்து எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை நான் பட்டுக் கற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு கம்பெனியில் இதே மாதிரி ஃபில்டர் ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றினேன். எச்டிடிபிஎஸ் இல்லாத எதற்கும் 403. கர்லில் பார்த்தேன், பிரவுசரில் பார்த்தேன், எல்லாம் சரி. பஸ் ஏறுவதற்குள் போன். லோட் பேலன்சர் சில வினாடிகளுக்கு ஒரு முறை ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று ஒரு ஹெல்த் செக் அனுப்புமே, அது சாதா எச்டிடிபியில் நேராக மெஷினுக்கு வருகிறது, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ எதுவும் இல்லாமல். என் ஃபில்டர் அதற்கும் 403 கொடுத்தது. மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து, மெஷின்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் அதைக் கொன்று புதிது ஏற்றியது. புதியதிலும் என் ஃபில்டர்தான். அதையும் கொன்றது. ஒரு மணி நேரம் மெஷின்கள் பிறந்து பிறந்து செத்தன. நான் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து ஒரே ஒரு பாதைக்கு விலக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் ஹெல்த் செக் எந்தப் பாதைக்கு வருகிறது என்று பார்த்து, அதை ஃபில்டருக்கு வெளியே வைத்த பிறகு ஏற்றுங்கள். அந்தப் பாதை ‘ஓகே’ என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது.

கடைசியாகச் சோதனை. டெஸ்ட் சர்வரில் தற்காலிகமாக ஒரு முகவரி வையுங்கள்; ஸ்கீம், செக்யூர் கொடி, சர்வர் போர்ட், ரிமோட் ஐபி, வந்த எல்லா ஹெடர்கள், இவற்றை அப்படியே அச்சிட்டுக் காட்டட்டும். எச்டிடிபிஎஸ்ஸில் ஒரு முறை, லோட் பேலன்சரின் 80-க்கு ஒரு முறை, அதே 80-க்கு ‘எச்டிடிபிஎஸ்’ என்று பொய் ஹெடர் ஒட்டி ஒரு முறை, வெளியில் இருந்து 8080-க்கு நேராக ஒரு முறை கர்ல் அடியுங்கள். முதலாவதுக்கு ‘ஆம்’ வர வேண்டும். அடுத்த இரண்டுக்கும் ‘இல்லை’. கடைசிக்குப் பதிலே வரக் கூடாது. மூன்றாவதுக்கு ‘ஆம்’ என்று வந்தால் நடுவில் யாரோ வெளி ஹெடரை அழிக்காமல் உள்ளே விடுகிறார்கள். அந்த அச்சோடு எனக்கு எழுதுங்கள். சோதனை முடிந்த கையோடு அந்த முகவரியை எடுத்துவிடுங்கள். வந்த ஹெடர்களை எல்லாம் காட்டும் பக்கம் அது. ஏபிஐ கீயும் அதில்தான் இருக்கும்.